துரையின் அடமானப் பத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பாட்டியின் தாத்தா ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர். வீட்டில் 'துரை' என்று சொல்வார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். சித்தப்பாவின் பெட்டியில் இரண்டு பத்திர நகல்கள் கிடைத்தன. 1879-ல் தோட்டத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அடமானம் வைத்தது ஒன்று. 1883-ல் இரண்டு ஏக்கரைப் பாட்டியின் பாட்டிக்குத் தானமாக எழுதியது மற்றொன்று. இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். அவர் இங்கிலாந்தில் எந்த ஊர்? அந்த அம்மாவை முறைப்படி மணந்தாரா? பெயரை இணையத்தில் தேடிச் சலித்துவிட்டேன். 'எதற்கு இதையெல்லாம் கிளறுகிறாய்' என்கிறார்கள் உறவினர்கள்.

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள். வெள்ளைக்காரப் பெயரை நம் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். ஒரே ஆள் மூன்று ஆவணங்களில் மூன்று ஆளாகத் தெரிவார். நிலம் நகராது, அதன் சர்வே எண்தான் மாறும். நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டில் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் இருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டால் இன்றைய பட்டா வரைக்கும் வந்துவிடலாம்.

ஏற்காட்டுக்குக் காபி வந்தது சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில். ஆனால் தரிசு நிலத்தை முழு உரிமையோடு விற்கும் வழியைத் திறந்தது வைஸ்ராய் கானிங் பிரபுவின் 1861-ம் வருடத்துத் தீர்மானம். 1863-ல் அதற்கொரு சட்டமும் வந்தது: விற்கப்போகும் நிலத்தில் பாத்தியதை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சாமை விதைத்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிகளில் எத்தனை பேர் அந்த அறிவிப்பைப் படித்திருப்பார்கள்! துரை நிலம் கேட்டு அரசாங்கத்துக்குத் தர்க்காஸ்து (விண்ணப்பம்) போட்டிருந்தால், அது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகளில் இருக்க வாய்ப்புண்டு. வருட வாரியாக அட்டவணை உண்டு. 1865 முதல் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய கிரயம், அடமானம், தானம் எல்லாவற்றுக்கும் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு வில்லங்கம் பார்க்கலாம். இணையத்தில் அவ்வளவு பின்னால் போக முடியாது.

எல்லோரும் கிரயப் பத்திரத்தைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு தோட்டக்காரரின் வாழ்க்கை அடமானப் பத்திரத்தில்தான் இருக்கிறது. காபிச் செடி வைத்து மூன்று நான்கு வருடம் வரை கையில் காசு வராது. அதுவரை சென்னை ஏஜென்சி கம்பெனிகள் கொடுக்கும் முன்பணத்தில்தான் பிழைப்பு. 1860-களில் தண்டுத் துளைப்பான் பூச்சி தோட்டங்களைத் தின்றது. சென்னை அரசாங்கம் டாக்டர் பிடீயை அனுப்பி ஆராயச் சொன்னது, அவர் அறிக்கை 1869-ல் வந்தது. அதே வருடம் இலங்கையில் இலைத்துரு நோய் தலைகாட்டி, விரைவிலேயே தென்னிந்திய மலைகளுக்கும் வந்துவிட்டது. 1879-ல் தோட்டத்தை அடமானம் வைத்தவர் ஆடம்பரத்துக்காக வைத்திருக்க மாட்டார்.

உங்கள் நகலில் சொத்து விவரப் பகுதியை மறுபடி படியுங்கள். பங்களா, பல்ப்பர் வீடு (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இடம்), உலர்களம், கூலி லயன்கள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 'ஓடைக்குக் கிழக்கே உள்ள வீடும் அதைச் சேர்ந்த இரண்டு ஏக்கரும் நீங்கலாக' என்று ஒரு வரி வருகிறது. கடன் கொடுப்பவன் தானாக எதையும் விட்டுக்கொடுக்க மாட்டான். துரைதான் பிடிவாதம் பிடித்து விலக்கியிருக்க வேண்டும். தானப் பத்திரத்தின் சக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தைப் பாருங்கள்: 'மேற்கே ஓடை'. அதே இரண்டு ஏக்கர். தோட்டம் கையை விட்டுப் போகலாம், அந்த வீடு போகக்கூடாது என்று 1879-லேயே முடிவு செய்துவிட்டார். (லயன்கள் எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள். அதில் குடியிருந்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.)

மணந்தாரா என்ற கேள்விக்கு வருகிறேன். தானப் பத்திரம் அந்த அம்மாவை இன்னார் மகள் என்றுதான் சொல்கிறது, மனைவி என்று சொல்லவில்லை. சர்ச்சில் திருமணம் நடந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆனாலும் குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள். சென்னை மாகாண ஆங்கிலிக்கன் சர்ச்சுகளின் பதிவு நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் இருக்கின்றன. கத்தோலிக்கர் என்றால் அந்தந்தப் பங்குக் கோயிலின் பதிவுப் புத்தகத்தையே பார்க்க வேண்டும். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சுதேசிப் பெண்' என்று மட்டும் இருந்தால் மனம் நோகாதீர்கள், அப்படி நிறைய உண்டு.

ஊரைக் கண்டுபிடிக்க அடக்கப் பதிவு உதவாது. அதில் பெரும்பாலும் வயதும் தொழிலும்தான் இருக்கும். உயில் எழுதியிருந்தால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பெயர்கள் ஊரோடு வரும். எழுதாமல் இறந்திருந்தால் இறந்தவர்களின் சொத்தை நிர்வகித்த அதிகாரியான சென்னை அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் சொத்தைக் கணக்கெடுத்திருக்கலாம். குதிரைச் சேணம், நாற்காலி வரை பட்டியல் போடுவார்கள்.

உறவினர்கள் பயப்படுவது மானத்துக்கா, சொத்துத் தகராறுக்கா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் வேறு. இளையவர்களில் யாருக்காவது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கனவு இருந்தால், இவ்வளவு தலைமுறை தள்ளிய துரையால் அது நடக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

1883 பத்திரத்தின் கடைசிப் பக்கம் உங்கள் ஸ்கேனில் இல்லை. அதை அனுப்புங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பக்கத்துத் தோட்டத் துரைகளா, அந்த அம்மாவின் ஆட்களா என்று பார்க்க வேண்டும்.