20 நிமிட நடை வீணா?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 47. தஞ்சாவூரில் வேலை, ஏழே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஹரித்ராநதிக் குளத்தைச் சுற்றி நடக்கக் காலையில் 20 நிமிடம்தான் கிடைக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஜிம்மிலோ, "முதல் அரை மணிக்குக் கொழுப்பே கரையாது, ஒரு மணி நேரமாவது வேண்டும்" என்று சொல்லி வருடச் சந்தா கேட்கிறார்களாம்.

வீணே இல்லை, நடங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். தினமும் 20 நிமிடம் என்றால் 140 வந்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் பத்து நிமிடம் நடந்தால், வாரக் கணக்கு 200-ஐத் தாண்டும்; சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் அடங்கும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்றிருந்த பழைய விதியையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். வேகம் மட்டும் முக்கியம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். தொடைக்கு வலு வரும்.

அரை மணிக் கதை சந்தா விற்கும் பேச்சு. முதல் நிமிடத்திலிருந்தே தசை சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துத்தான் எரிக்கிறது. ஜிம் பிடித்திருந்தால் மாதாமாதம் கட்டுங்கள். பொங்கலுக்குச் சேர்ந்து மாசி மகத்துக்குள் நின்றுவிட்டு, கட்டிய பணத்துக்கு அலைகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அடுத்து புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். முட்டையும் சுண்டலும் வீட்டிலேயே இருக்கிறது.

எனக்குக் கவலை உங்கள் மாத்திரைதான். அட்டையின் பின்பக்கத்தில் கிளிமிப்பிரைடு என்று இருக்கிறதா? மெட்ஃபார்மினோடு கலந்த மாத்திரையிலும் அது சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால், அது சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம்; வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடலாம் என்று கிளம்பவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சட்டைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை மடித்து வைத்திருங்கள். உடனே வாயில் போட்டு உட்காருங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை, அப்புறம் சாப்பாடு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு.

இதை மருந்து எழுதுகிற இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருப்பவரிடம், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கக்கூட நேரமில்லை. "தினம் 45 நிமிடம் நடக்கவும்" என்று கிறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த அட்டையையும் கையில் கொண்டுபோய், நடக்கிற நேரத்தைச் சொல்லி, மாத்திரையை எப்போது போடுவது என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருங்கள்.