பிள்ளைகளோடு பண்டிகை வேலை: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. பண்டிகைப் பலகாரத்திலும் கைவேலையிலும் சின்னப் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? எந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? ஆவணிப் பிள்ளையார் சதுர்த்தியில் தொடங்கி கார்த்திகை வரை வரிசையாகப் பார்ப்போம்.

என் ஆறு வயது மகளுக்குக் கொழுக்கட்டை செய்ய ஆசை. ஆனால் அவள் செய்யும் சொப்பு ஓரத்தில் விண்டுபோகிறது. ஆவியில் வைத்தால் வாய் திறந்து பூரணம் வழிந்துவிடுகிறது. அதே மாவில் நான் செய்தால் நன்றாக வருகிறது. ஏன்?
— கும்பகோணம் வாசகி

அவள் கைக்கு வருவதற்குள் மாவு ஆறி, மேலே காய்ந்திருக்கும். பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி, அவள் விரலில் ஒட்டியிருக்கும் வெல்லம்.

முதலில் மாவு. கடையில் வாங்கிய கொழுக்கட்டை மாவு 1 கப் என்றால் தண்ணீர் 1½ கப். வீட்டில் பச்சரிசியை ஊறவைத்து இடித்த ஈர மாவு என்றால் 1 கப்பிலிருந்து 1¼ கப் போதும். தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, தளதளவென்று கொதித்த பிறகுதான் மாவைக் கொட்ட வேண்டும். வெறுமனே சூடான தண்ணீரில் கொட்டினால் மாவு வேகாது. பிசையும்போது உருண்டு வந்தாலும் தட்டும்போது விண்டுபோகும். கொட்டியதும் அடுப்பைச் சிறிதாக்கி, கட்டியில்லாமல் கிளறி, மூடி ஐந்து நிமிடம் புழுங்க விடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூனை முன்பே தனியே எடுத்து வைத்திருந்தால், மாவு வறட்சியாகத் தெரியும்போது தெளித்துப் பிசையக் கை கொடுக்கும்.

பிசைவது பெரியவர் வேலை. பிள்ளைகளின் தோல் மெல்லியது. நமக்கு இதமாக இருக்கும் சூடு அவர்களைச் சுட்டுவிடும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மொத்த மாவையும் தட்டில் வைக்காதீர்கள். ஈரத்துணி போட்டு மூடிய பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கொடுங்கள். மாவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எலுமிச்சை அளவு உருண்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். ஓரம் வழவழப்பாக இருந்தால் சரி. கீறல் விட்டால் வெந்நீர் தெளித்து இன்னும் இரண்டு நிமிடம் பிசைய வேண்டும்.

இப்போது பூரணம். துருவிய தேங்காய் 1 கப், பொடித்த வெல்லம் ¾ கப். வெல்லத்தை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தேங்காயோடு சேர்த்துச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை கிளறி, ஏலக்காய்ப் பொடி போட்டு இறக்குங்கள். தளர்வாக இறக்கினால் பூரணம் நீர்விட்டுச் சொப்பைக் கிழிக்கும். அதிகம் கிளறினால் ஆறியதும் கல்லாகிவிடும். நன்றாக ஆறிய பூரணத்தை முதலில் மகளிடம் கொடுத்து, சிறு நெல்லிக்காய் அளவில் எல்லா உருண்டைகளையும் பிடித்து முடிக்கச் சொல்லுங்கள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மாவைத் தொடட்டும். இந்த வரிசைதான் முக்கியம். வெல்லப் பசை பட்ட விரலால் ஓரத்தை ஒட்டினால் மாவோடு மாவு சேராது. பார்க்க ஒட்டியது போல இருக்கும், ஆவி பட்டதும் திறந்துகொள்ளும்.

கிண்ணம் போலச் சொப்பு செய்து நுனியைக் கூட்டி மூடுவது பெரியவர்களுக்கே பழக வேண்டிய வேலை. பிள்ளைகள் கட்டைவிரலால் நடுவில் அழுத்தி அழுத்தி, அடியைக் காகிதமாக்கி ஓரத்தைத் தடிமனாக விட்டுவிடுவார்கள். ஆறு வயதுக்குப் பிறைவடிவம் போதும். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் உருண்டையை வைத்து, இன்னொரு துண்டால் மூடி, தட்டையான டம்ளர் அடியால் ஒரே சீராக அழுத்தச் சொல்லுங்கள். ஒரு பாதியில் பூரணத்தை வைத்து, இலையோடு சேர்த்து மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திவிட்டால் முடிந்தது. அவள் கை மாவில் படும் நேரமும் குறையும், மாவும் காயாது.

எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஆவி வந்தபின் 8 முதல் 10 நிமிடம் வைக்கவும். மேல்தோல் பளபளப்பாகிவிட்டால் வெந்துவிட்டது. அதற்கு மேல் விட்டால் நன்றாக மூடியதும் வெடிக்கும். இறக்கி இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். 1 கப் மாவுக்குச் சுமார் 15 கொழுக்கட்டை வரும்.

மூன்று வயதுப் பையனுக்கு இதில் என்ன வேலை கொடுக்கலாம்?
— நாமக்கல் வாசகர்

அம்மிணிக் கொழுக்கட்டை. மேலே சொன்ன அதே மாவில் கொஞ்சம் ஒதுக்கி, கோலிக்குண்டு அளவில் உருட்டச் சொல்லுங்கள். உருண்டை கோணலாக இருந்தாலும் சுவை கெடாது; பெரிதும் சிறிதுமாகக் கலந்தால் மட்டும் பெரியதன் நடுவில் மாவு வேகாமல் நிற்கும். எனவே மாவை நீங்களே கயிறு போல நீட்டி, ஒரே அளவில் கிள்ளிக் கொடுத்துவிடுங்கள். 8 நிமிடம் ஆவியில் வைத்து ஆறியதும், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த்துருவலோ இட்லிப்பொடியோ தூவிப் புரட்டினால் போதும். மூன்று வயதுக்காரர் தட்டில் போடும்போது ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கிப் போடுங்கள். வழுக்கும் உருண்டை தொண்டையில் அடைக்கும்.

களிமண்ணில் நாங்களே பிள்ளையார் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் துதிக்கை விழுந்துவிடுகிறது, வயிற்றில் விரிசல் விடுகிறது. சதுர்த்தி முடிந்து வாளியில் போட்டால் இரண்டு நாளானாலும் கரைவதில்லை.
— மதுரை வாசகி

மூன்றுக்கும் தண்ணீர்தான் காரணம்.

களிமண் காயும்போது சுருங்கும். தண்ணீர் எவ்வளவு அதிகமோ சுருக்கமும் அவ்வளவு அதிகம். பிள்ளைகள் பக்கத்தில் கிண்ணத் தண்ணீரைக் கண்டால் கையை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். மேல்பரப்பு குழைந்து பளபளக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். காய்ந்ததும் அங்கேதான் விரிசல் வரும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணி ஒன்றை வையுங்கள். விரலை அதில் ஒற்றிக்கொண்டால் போதும். மண்ணும் சப்பாத்தி மாவுப் பதத்தில், கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். மண்பாண்டம் செய்பவரிடம் பக்குவமாக்கிய மண்ணாகவே வாங்குங்கள்; கல், வேர் இருக்காது. ஐந்தங்குலப் பிள்ளையாருக்கு ஒரு கிலோ ஈர மண் போதும்.

செய்தித்தாள் மீது பீடத்தை வையுங்கள். மண் சுருங்கும்போது தாளின் மேல் நகர்ந்து கொடுக்கும். நேராகப் பலகையில் வைத்தால் அடி ஒட்டிக்கொண்டு விரியும். பீடம், அதன்மேல் தொந்தி, இரண்டு உருளையை மடித்துக் கால்கள், பிறகு தலை, கைகள், காது, துதிக்கை என்று போங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கூழ் போலக் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்திவிட்டு, மேலே விரலால் இழுத்து மூடுங்கள். கீறும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். அவர்களுக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். துதிக்கையை அந்தரத்தில் தொங்கவிடாமல் தொந்தியின்மேல் சாய்த்து ஒட்டிவிடுங்கள். பலம் வேண்டுமென்று துதிக்கைக்குள் ஈர்க்குச்சி வைப்பவர்கள் உண்டு. மண் சுருங்கும், குச்சி சுருங்காது. துதிக்கை குச்சியைச் சுற்றியே பிளக்கும்.

முதல் இரவு ஈரத்துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள். பிறகு மூன்று நான்கு நாள் நிழலில், மின்விசிறிக் காற்று படாமல் காயட்டும். ஈரம் இருக்கும்போதே கண்ணில் படும் விரிசலைக் கூழ் மண்ணால் அடைத்துவிடலாம். முழுக்கக் காய்ந்தபின் அடைத்தால் நிற்காது. ஆகவே சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

கரையாததற்குக் காரணம், உள்ளே ஈரம் இருப்பதுதான். எலும்பாகக் காய்ந்த மண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிப் பொலபொலவென்று உதிரும். பாதி காய்ந்த மண் அப்படியே கட்டியாக உட்கார்ந்திருக்கும். பூஜை முடிந்ததும் இன்னும் சில நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு வாளியில் விடுங்கள். கரைந்ததைச் செடிகளுக்கு ஊற்றலாம். அதற்காகவே எனாமல் பெயிண்டைத் தவிர்த்து மஞ்சள், சந்தனம், செம்மண்காவி போதும் என்கிறோம். குங்கும நிறத்துக்காக மஞ்சளில் சுண்ணாம்பு குழைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். சுண்ணாம்பு கையையும் கண்ணையும் அரிக்கும்.

பிள்ளையார் கண்ணுக்குக் குன்றிமணி பதிக்கவும், எருக்கம்பூ மாலை கட்டவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?
— திண்டுக்கல் வாசகி

குன்றிமணி வேண்டவே வேண்டாம். அதற்குள் இருப்பது கொடிய விஷம். முழுதாக விழுங்கினால் கெட்டியான தோல் பல நேரம் காப்பாற்றிவிடும். மென்றாலோ, ஓட்டை போட்டது என்றாலோ உயிருக்கே ஆபத்து. தவழும் குழந்தை உள்ள வீட்டில் உதிர்ந்த ஒரு மணி போதும். வாயில் போட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடையில் வாங்கும் பிள்ளையாருக்கும் குன்றிமணிக் கண் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட்டு மிளகைப் பதித்துவிடுங்கள். மிளகுக் கண் கறுப்பாக, எடுப்பாகவே இருக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் மிளகையும் மூக்கில் போட்டுக்கொள்வார்கள் என்பதால் பதிக்கும் வேலையை மூத்த பிள்ளை செய்யட்டும்.

எருக்கில் பெரிய ஆபத்து அதன் பால்தான். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கி, பார்வையை மங்கவைக்கும். முதலில் வலி பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. பறிப்பதும் காம்பு கிள்ளுவதும் பெரியவர் செய்ய வேண்டும். தண்ணீரில் அலசி, பால் வடிவது முழுக்க நின்றபின், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வாழைநாரில் கோக்கலாம். கோத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

கொலுவில் பார்க் வைக்க என்ன விதை, எப்போது விதைப்பது? போன வருடம் பாதி பூஞ்சை பிடித்துவிட்டது.
— சென்னை வாசகி

கடுகும் வெந்தயமும் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். கேழ்வரகு மெல்லிய புல் மாதிரி வரும். நவராத்திரி மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவதால், அமாவாசைக்கு ஐந்து நாள் முன் விதைத்தால் முதல் நாளே பச்சை தெரியும். அடியில் ஓட்டையுள்ள தட்டில் ஓரங்குலத்துக்குத் தென்னைநார்த் தூளும் மண்ணும் சமமாகக் கலந்து பரப்புங்கள். வெந்தயத்தை எட்டு மணி நேரம் ஊறவைக்கவும், கடுகுக்குத் தேவையில்லை.

பூஞ்சைக்குக் காரணம் அநேகமாக விதை நெருக்கமும் தண்ணீரும்தான். பிள்ளைகள் பிடிப்பிடியாகக் கொட்டுவார்கள். கோலமாவு விடுவது போல மூன்று விரலால் தூவச் சொல்லுங்கள். தண்ணீரைத் தெளிப்பானில், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. முதல் இரண்டு நாள் தாளால் மூடி வைக்கலாம், முளை கண்டதும் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். இருட்டறைக் கொலு என்றால் பயிர் வெளுத்து நீண்டு சாயும். அதனால் நான்கு நாள் கழித்து இன்னொரு தட்டு விதைத்து ஜன்னலோரம் வளர்த்து, பாதி நவராத்திரியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கொலுச் சுண்டலில் நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யலாம்?
— கோயம்புத்தூர் வாசகி

அளக்கலாம். இரவில் 1 கப் கொண்டைக்கடலையை 3 கப் தண்ணீரில் போடட்டும். காலையில் அதே கப்பால் அளந்தால் இரண்டு கப்புக்கு மேல் இருக்கும். ஆனால் முழுக் கடலை, வேர்க்கடலைச் சுண்டலை அந்த வயதுக்கு அப்படியே கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மசித்துக் கொடுங்கள், அல்லது பாசிப்பருப்புச் சுண்டலாகச் செய்யுங்கள்.

கார்த்திகைப் பொரி உருண்டையைப் பிள்ளைகளோடு பிடிக்க வழி உண்டா?
— தஞ்சாவூர் வாசகர்

பிடிக்கும் வேலைக்கு வழியில்லை. 5 கப் அவல் பொரிக்கு 1 கப் வெல்லம், ¼ கப் தண்ணீர். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரை சுடும். ஆறவிட்டுப் பிடிக்கலாம் என்றால் பொரி சேராது. பாகு காய்ச்சுவதும் பிடிப்பதும் பெரியவர்கள் பாடு. உமி பொறுக்குவது, வெல்லம் தட்டுவது, தேங்காய்ப்பல் எண்ணிப் போடுவது பிள்ளைகள் பாடு.

அவர்கள் கையாலேயே உருட்ட வேண்டுமென்றால் பாகில்லாத மாலாடு செய்யுங்கள். பொட்டுக்கடலை 1 கப் அரைத்துச் சலித்து, பொடித்த சர்க்கரை ¾ கப், ஏலக்காய் சேர்த்து, இளஞ்சூட்டில் ¼ கப் நெய் விட்டுப் பிசையுங்கள். உதிர்ந்தால் இன்னும் ஒரு டீஸ்பூன் நெய். உருட்டியது தட்டையாகச் சரிந்தால் நெய் கூடிவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட்டால் இறுகும்.

பிள்ளைகள் வண்ணமடித்த அகலில் விளக்கேற்றலாமா?
— சேலம் வாசகி

வெளிப்பக்கம் மட்டும் அடித்திருந்தால் ஏற்றலாம். உள்ளேயும், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை வரையும் வண்ணம் படக் கூடாது, தீப்பற்றும். புது அகலை வண்ணமடிக்கும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவையுங்கள். எண்ணெய் குடிப்பது குறையும். ஈரத்தின்மேல் அடித்தால் வண்ணம் உரிந்துவிடும். வீட்டில் பச்சை மண்ணில் செய்த அகல் என்றால் எண்ணெய் விடாதீர்கள். சுடாத மண்ணில் எண்ணெய் ஊறி வெளியே கசியும். அதைக் கோலத்தின் நடுவில் பூ வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.