‘நான் இல்லாவிட்டாலும் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்’

கேள்வி: எனக்கு வயது 43. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். அதிகாலை 2.30 மணிக்கு எழுந்து வண்டியில் கடைக்குப் போவேன். மன அழுத்தத்துக்காக 14 மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அட்டையில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. நன்றாக இருந்ததால் 5 வாரத்துக்கு முன் நானே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடிப்பது போல் இருக்கிறது. படபடப்பு, கெட்ட கனவு, காதில் இரைச்சல், முடி கொட்டுதல், வயிற்றில் கேஸ் எல்லாம் இருக்கிறது. இந்த மாத்திரை மூளை நரம்பை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா? 3 வாரமாகத் தெரிந்த மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கி இரவில் போடுகிறேன். அதற்கும் தூக்கம் வராத நாளில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கொஞ்சம் மது. மனைவி உட்பட வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயுசு முழுக்க மாத்திரைதானா? எப்படியும், நான் இல்லாவிட்டாலும் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்.
— பெயர் வேண்டாம், மதுரை

மருத்துவர் பதில்:

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காமலே எழுதிவிட்ட அந்தக் கடைசி வரியைப் பேசவேண்டும்.

முடி கொட்டுவதையும் கேஸையும் மறக்காமல் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். ‘நான் இல்லாவிட்டாலும்’ என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு முடித்துவிட்டீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் தலைவலியையும் வாய்வுத் தொல்லையையும் பேசுவார்கள். எழுந்து கதவருகே போனபிறகு, ‘பிள்ளைகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் டாக்டர்’ என்பார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். உங்களையும் அப்படித்தான் இப்போது உட்கார வைக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? எப்படி, எப்போது என்கிற அளவுக்கு யோசனை போயிருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல் ஆகிவிடும் என்று வீட்டில் பலரும் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். அது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் வராது. யாராவது கேட்டுவிட்டார்களே என்று மனதிலிருந்து பாரம் இறங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பதில் ‘ஆமாம்’ என்றால், அல்லது ‘சில நேரம்’ என்றாலும்கூட, இன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்காதீர்கள்: ‘5 வாரமாக எனக்குத் தூக்கமில்லை, மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன், மனசு தப்பான பக்கம் போகிறது, என்னைத் தனியாக விடாதே.’ இந்த நாலு துண்டு போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார். வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும், பழைய அட்டையும் சேர்த்து, அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கோ மாமனார் வீட்டுக்கோ மல்லிகைத் தோட்டம் இருந்து, பூச்சிமருந்து டப்பா வீட்டிலோ மோட்டார் ரூமிலோ இருந்தால், அதைத் தம்பி எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் பூட்டி வைக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த எண்ணம் அலை மாதிரி வரும், உச்சத்துக்குப் போகும், வடிந்துவிடும். அந்த உச்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருந்தால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். எங்கள் தொழிலில் உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் இது ஒன்று.

எண்ணம் திட்டமாக மாறியிருந்தால் விடியட்டும் என்றோ, மார்க்கெட் முடியட்டும் என்றோ காத்திருக்காதீர்கள். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், அவசரப் பிரிவு ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிறது. மனைவியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போங்கள். 108-ஐக் கூப்பிட்டாலும் சரி. யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் அது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

இனி, உங்களுக்கு நடந்தது என்னவென்று பார்ப்போம்.

ஒரு மாத்திரையை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியது இரண்டு மருந்துகளை. உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறதே, அதை மறுபடி படியுங்கள். எஸ்சிடலோபிராம் மன அழுத்தத்துக்கான மருந்து. குளோனசெபாம் பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கிற, வேறு குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. நம் ஊரில் இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். தொடக்கத்தில் சில வாரம் அது உதவியாக இருக்கும். அதற்குப்பின் குளோனசெபாமைக் குறைத்து எடுத்துவிட்டு மற்றதைத் தனியாகத் தொடர்வதுதான் முறை. பலருக்கு அது நடப்பதில்லை. பழைய சீட்டையே காட்டி மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி உட்கொண்ட இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

14 மாதம் ஒரு மருந்து தினமும் உள்ளே வந்தால், மூளை அதற்கேற்பத் தன் போக்கைச் சரிசெய்து வைத்துக்கொள்ளும். திடீரென்று அது வராமல் போனால் தடுமாறும். தூக்கம் கெடுவது, பளிச்சென்று கெட்ட கனவு வருவது, கண்ணைத் திருப்பும்போது ஷாக் அடிப்பது, காரணமில்லாமல் எரிச்சல், அழுகை, தலைசுற்றல் எல்லாம் அந்தத் தடுமாற்றத்தின் முகங்கள். குறிப்பாக அந்த ‘ஷாக்’. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன், நோய் முற்றியிருந்த நாட்களில், அது உங்களுக்கு இருந்ததா? இருந்திருக்காது. மாத்திரையை விட்ட மூன்றாம் நாளில் வந்தது. நோய் திரும்பி வந்தால் இப்படி மூன்று நாளில் வாசலில் வந்து நிற்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகத்தான் ஏறும்.

நரம்பு கெட்டுப்போகவில்லை. இந்தத் தடுமாற்றம் பலருக்கு இரண்டு வாரத்தில் அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது தானாகச் சரியாகிற இடத்தில் நீங்கள் அல்பிரசோலத்தையும் மதுவையும் கொண்டுவந்து போட்டதால் இழுத்துக்கொண்டே போகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒன்றும் தெரியாது, பணம்தான் போகும். யூடியூப்காரர் உங்கள் அட்டையைப் பார்த்தாரா, உங்கள் நாடியைப் பிடித்தாரா? ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராதவன் கையில் போனைக் கொடுத்தால், அவனை மேலும் பயமுறுத்தும் வீடியோதான் வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பயமே அன்றைய மிச்சத் தூக்கத்தையும் தின்றுவிடும். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள்.

5 வாரம் ஆகிவிட்டதால், பழைய நோயும் இதற்குள் மெல்ல எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. எது எவ்வளவு என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் பிரிக்க முடியாது. நேரில் உட்கார்ந்து பேசுகிற மனநல மருத்துவரால் முடியும்.

அல்பிரசோலம் விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள்மேல் பாதி, அந்த மெடிக்கல்காரர்மேல் பாதி. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் பதிவேட்டில் குறித்து வைக்கவேண்டிய மருந்து அது. தெரிந்தவர் என்பதற்காக எடுத்துக் கொடுத்தால் அது உதவி ஆகாது. குளோனசெபாமும் அல்பிரசோலமும் ஒரே குடும்பம். முன்வாசல் வழியாக அனுப்பியதைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்திருக்கிறீர்கள். அதுவும் சீக்கிரம் இறங்கிவிடுகிற வகை என்பதால், இறங்குகிற பகல் நேரத்தில் படபடப்பு கூடும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பயப்படுகிறீர்கள்.

மதுவோடு சேர்த்துப் போடுவதை மட்டும் இன்றிலிருந்தே விட்டுவிடவேண்டும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகிவிடும். அதோடு, இரவு போட்டது உடம்பில் இருக்கும்போதே 2.30 மணிக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் போகிறவர் நீங்கள். அந்த நேரத்தில் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கிறவரை தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போங்கள்.

ஆனால் அல்பிரசோலத்தையும் கோபத்தில் ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள். இந்தக் குடும்பத்து மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரும். மனைவி கையிலிருந்து வாங்கி, இப்போது போடுகிற அளவுக்கு மேல் போகாமல் போட்டுக்கொண்டு, இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். எப்படி இறக்குவது என்று அவர் சொல்வார். பழைய மாத்திரையை நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். அதிலும் குளோனசெபாம் இருக்கிறது. அல்பிரசோலத்தோடு சேர்ந்தால் இரட்டைச் சுமை.

அவர் அநேகமாக எஸ்சிடலோபிராமை மட்டும் தனியாக மறுபடி தொடங்குவார். தடுமாற்றம்தான் காரணம் என்றால் சில நாளிலேயே ஷாக்கும் தலைசுற்றலும் அடங்கும். நோய் திரும்பியிருந்தால் இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். பிறகு மாதக்கணக்கில் மெதுவாக இறக்குவார். கிணற்றில் இறங்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படிகள் குட்டையாக இருக்கும். கீழே போகப் போக ஒவ்வொரு படியும் உயரமாகும். 10 மி.கி.யிலிருந்து 5-க்கு இறங்குவது பெரும்பாலும் சுலபம். 5-லிருந்து ஒன்றுமில்லாமல் ஆக்குவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கடைசிப் படிகளுக்கு இன்னும் சின்னச் சின்னக் குறைப்பும் கூடுதல் நாளும் தேவை. நீங்களோ கிணற்று விளிம்பிலிருந்தே குதித்திருக்கிறீர்கள். கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்துக் குறைக்க ஆரம்பிக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். முகூர்த்தக் கூட்டமும் மருந்துக் குறைப்பும் ஒன்றாக வரவேண்டாம்.

ஆயுசு முழுக்கவா என்று கேட்டீர்கள். இது முதல் தடவை என்றால், இல்லை. முழுக்கக் குணமான பிறகு 6 முதல் 9 மாதம் தொடர்ந்துவிட்டு இறக்கிவிடலாம். முன்பே இரண்டு மூன்று முறை வந்திருந்தால் கொஞ்சம் நீளும். எஸ்சிடலோபிராமுக்கு அடிமையாகிவிட்டேனோ என்கிற பயம் வேண்டாம். மதுவைத் தேடி உடம்பு தவிப்பது போல அதைத் தேடி யாரும் தவிப்பதில்லை.

தூக்கத்துக்கு வருவோம். ஊர் உலகத்துக்குச் சொல்கிற ‘பத்து மணிக்குப் படு, ஆறு மணிக்கு எழு’ என்கிற பாடம் உங்களுக்கு உதவாது. 2.30-க்கு எழுகிறவர் 8.30-க்குப் படுத்தால் 6 மணி நேரம். இதுதான் உங்கள் இரவு. லீவு நாளிலும் எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள். படுக்கிற நேரத்தைவிட அதுதான் முக்கியம். தூக்கம் போதவில்லையே என்று 7 மணிக்கே போய்ப் படுத்துப் புரள்கிறவர்களுக்குப் படுக்கையைப் பார்த்தாலே படபடப்பு வந்துவிடும். படுத்து இருபது நிமிஷம் போலத் தோன்றியும் வரவில்லையென்றால் எழுந்து வெளித் திண்ணையிலோ மாடியிலோ உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மார்க்கெட் முடிந்து வந்ததும் மதியம் மூன்று மணி நேரம் அடித்துப்போட்டது போல் தூங்கினால் இரவுக்கு மிச்சமிருக்காது. அரை மணி நேரத்தோடு எழுப்பிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, டீ. விடியற்காலையிலிருந்து ஏலம் முடிகிறவரை எத்தனை கிளாஸ் உள்ளே போகிறது என்று பூக்கடைக்காரர்களைக் கேட்டால் யாருக்கும் கணக்கு தெரியாது. ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணியோடு நிறுத்துங்கள். மதியம் குடித்ததில் ஒரு பங்கு நீங்கள் படுக்கும்போதும் இரத்தத்தில் இருக்கும்.

முடியும் கேஸும் காது இரைச்சலும் இப்போதைக்குக் கிடக்கட்டும். தைராய்டுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை போதும். படபடப்புக்கு ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். பளு தூக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சை அடைத்தால் மட்டும் உடனே போகவேண்டும்.

பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வீட்டில் யாராவது சொன்னால் தாராளமாகப் போய் வாருங்கள். திரும்பி வருகிற வழியில் மருத்துவரையும் பாருங்கள். முன்பு எழுதிக் கொடுத்தவரே நல்லது. உங்கள் கதை அவருக்குத் தெரியும். சொல்லாமல் நிறுத்தியதற்குத் திட்டுவாரே என்று தயங்கினால், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். மனைவியைக் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். தூக்கமே இல்லாமலும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, கைமீறிச் செலவழித்த நாட்கள் எப்போதாவது இருந்ததா என்று அவரிடம் கேட்பார்கள். அப்படி இருந்திருந்தால் மருந்தே மாறும். அது உங்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் நீட்டுங்கள். நேரில் சொல்ல வராததெல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வரியை அடித்துவிடாதீர்கள்.