ஏசி அறைக்கு ஹியூமிடிஃபையர் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. ஏசி போட்டுத் தூங்கினால் காலையில் மூக்கடைப்போடு, தொண்டை வறண்டு எழுகிறாள். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் மெஷினை வைத்தால் நன்றாக மூச்சு விடுவாள் என்று கனடாவில் இருக்கும் என் அக்கா சொல்கிறார். எதை வாங்கலாம் டாக்டர்?
- வாசகி, சென்னை

பதில்: உங்கள் அக்கா சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பனிக்காலக் காற்றில் ஈரமே இருக்காது, அதை ஹீட்டரும் சூடாக்கும்போது உதடு வெடித்து, சிலருக்கு மூக்கில் ரத்தம்கூட வரும். சென்னை கடலோர ஊர், காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஏசி அதைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மைதான், வெளியே குழாயில் சொட்டுகிறதே, அது உங்கள் அறைக்காற்றின் தண்ணீர்தான். ஆனால் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்க்காமல் மெஷினை வாங்காதீர்கள்.

முதலில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். குழந்தையின் கட்டில் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று இரவு பாருங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஹியூமிடிஃபையர் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியும் சுவர்ப் பூஞ்சையும் அந்த ஈரத்தில்தான் பெருகும், அலர்ஜி உள்ள பிள்ளைக்கு மூக்கடைப்பு இன்னும் கூடும்.

எனக்கு ஏசி ஃபில்டர் மேல்தான் சந்தேகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். 26 டிகிரியில் வையுங்கள், காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அந்த அறையில் கொசுவத்தி, சாம்பிராணி இரண்டும் கூடாது. படுக்கும் முன் மூக்கில் சலைன் (உப்புநீர்) சொட்டு விடலாம்.

அளந்து பார்த்து நிஜமாகவே 30க்குக் கீழே இருந்தால், சரி, வாங்குங்கள். கொதிநீராவி வகை வேண்டாம், குழந்தை இழுத்துக் கவிழ்த்தால் வெந்துவிடும். கடைகளில் நிறையக் கிடைக்கும், அதிர்வால் தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் அல்ட்ராசானிக் வகை தண்ணீரிலுள்ள உப்பையும் சேர்த்து நுண்துகளாக வீசும் என்பதால் அதில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஈரத் திரியில் விசிறி ஊதும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் தண்ணீரைத் தினமும் மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும்.

அப்புறம், தண்ணீரில் கற்பூரம், தைலம், கிருமிநாசினி எதையும் கலக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென் கொரியாவில் தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று கடையில் விற்ற கிருமிநாசினியை ஊற்றியிருக்கிறார்கள், அந்த ஆவி நுரையீரலையே அழித்தது என்று 2011இல்தான் தெரிந்தது. அதற்குள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்படப் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

மகள் தினமும் குறட்டை விட்டு வாயால் மூச்சு விட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே உள்ளே குழிந்தாலோ, அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.