கோட்டையா, கட்டையா?

மீன் தொட்டி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: புது வீட்டு ஹாலில் மூன்றடித் தொட்டி வைக்கப் போகிறோம். என் கணவருக்கு மரக்கட்டை, கருங்கல், செடி என்று காடு மாதிரி வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ரோஸ் கல், கோட்டை, திறந்து மூடிக் குமிழி விடும் புதையல் பெட்டி வேண்டும். அவர் காட்டும் படங்களைப் பார்த்தால் எனக்கு மழை ஓய்ந்த வாய்க்கால் ஞாபகம்தான் வருகிறது. யார் பக்கம் நியாயம்? (வாசகி, திருச்சி)

பதில்: மீனுக்கு இந்தச் சண்டையே புரியாதம்மா. ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அது கோட்டை வாசலா, கட்டைப் பொந்தா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் கோட்டைக் கட்சியைக் கேலி பண்ண மாட்டேன். என் அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த தொட்டி, இரும்புச் சட்டத்தில் புட்டிப் பசையால் கண்ணாடி ஒட்டியது. உள்ளே பீங்கானில் ஒரு கடல்கன்னி. கோல்டு பிஷ் எத்தனையோ வந்து போயின. அவள் மட்டும் மூக்கு உடைந்தும் பத்து வருஷம் குடியிருந்தாள். அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் நான் விலங்கியலே எடுத்தேன்.

ஆனால் ரோஸ் கல் விஷயத்தில் சூடு பட்டவள். ஒரு கடையில் நீலக் கல் இரண்டு கிலோ வாங்கி, ஏதோ தோன்றி, முதலில் பக்கெட்டில் ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் துணிக்குச் சொட்டு நீலம் போட்ட மாதிரி தண்ணீர்! அப்படியே கொண்டுபோய்ச் செடித்தொட்டிக்கு அடியில் கொட்டினேன். வண்ணக் கல்லோ பொம்மையோ, ஒரு வாரம் ஊறட்டும். சாயம் போனால் வேண்டாம். கோட்டையின் ஓரங்களில் ஒரு பழைய நைலான் துணியை ஓட்டிப் பாருங்கள். துணி மாட்டினால் பைட்டர் மீனின் துடுப்பும் கிழியும். பிளாஸ்டிக் செடிக்கும் இதே சோதனைதான்.

இன்னொன்று, வெளிர் நிறக் கல்லின் மேல் மீன் தானும் வெளுத்துப்போகும். நியான் டெட்ரா மீனைக் கறுப்பு மணல் மேல் விட்டுப் பாருங்கள், அந்த நீலக் கோடு டியூப்லைட் மாதிரி எரியும். மகளுக்கு இதை நேரில் காட்டினால் ரோஸ் கல்லை அவளே விட்டுவிடுவாள்.

புதையல் பெட்டி இருக்கட்டும். குமிழி தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்குவதால் மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். உங்கள் கணவர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துச் செடி வளர்க்க நினைத்தால்தான் தகராறு. அவர் காசு கொடுத்துக் கரைப்பதை இந்தப் பெட்டி வெளியே ஊதிவிடும். அதனால் சிலிண்டர் கேட்காத செடிகளாகப் போடச் சொல்லுங்கள்: ஜாவா பெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ். மூன்றையும் கட்டையில் நூலால் கட்டினால் போதும். முதல் இரண்டின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

'குழந்தைக்குத் தனியா ஒரு சின்னத் தொட்டி வாங்கித் தந்துடலாம்' என்பார் உங்கள் கணவர். ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குறைந்த தொட்டிதான் சீக்கிரம் கெடும், கழுவுவதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மூன்றடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் 190 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 190 கிலோ. டீவி ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சென்ற இதழில் பிளாஸ்டிக் செடி வைத்தால் தப்பில்லை என்று எழுதியிருந்தீர்கள். இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குத்தானே தொட்டி? பிளாஸ்டிக் வைப்பதற்கு ஷோகேஸ் போதாதா? (வாசகர், கோவை)

பதில்: கோபம் புரிகிறது சார். ஆனால் எந்த இயற்கை?

உங்கள் கட்சியின் தலைவர் ஜப்பானின் நீகாட்டா பகுதிக்காரரான தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, நிலக்காட்சிப் புகைப்படக்காரராகி, தொட்டிக்குள் மலையும் காடும் செய்தவர். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்தில், 160,000 லிட்டர் தண்ணீரில் அவர் அமைத்த நீரடிக் காடு 2015-இல் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். படங்களைப் பார்த்து நானும் வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்டுக்குச் சிலிண்டர் வேண்டும், சிறப்பு விளக்கு வேண்டும், நீளக் கத்தரியால் முடி வெட்டுகிற மாதிரி ஓயாமல் வெட்ட வேண்டும், பாசி தின்ன இறாலை வேலைக்கு வைக்க வேண்டும். இயற்கையின் போக்கில் விட்டால் அது இரண்டே மாதத்தில் குட்டையாகிவிடும். பிரமாதமான கலை, மறுக்கவில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவும் அழகுதான், அதைச் சோலைக்காடு என்று சொல்வோமா?

இன்னும் பாருங்கள். தென் அமெரிக்க நியான் டெட்ரா, மேற்கு ஆப்பிரிக்க அனுபியாஸ், தென்கிழக்கு ஆசிய மாஸ். எந்த ஆற்றிலும் சேராத மூன்றும் உங்கள் ஹாலில் சேர்ந்திருக்கின்றன. நியான் பிறந்த ஓடைகள் பலவற்றில் தண்ணீர் பால் விடாத டீ நிறம், அடியில் மக்கிய சருகு, செடி சொற்பம். அதை அச்சாக அப்படியே அமைக்கிறவர்களும் உண்டு, பயோடோப் என்பார்கள். நான் ஒரு தொட்டி அப்படி வைத்தேன், நாட்டுவாதுமைச் சருகு போட்டு. வந்த விருந்தாளி ஒருவர், 'டீச்சர், தண்ணி மாத்தி ரொம்ப நாளாச்சா?' என்றார். முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன்.

எனக்குப் பிடித்தது அந்த டீத்தண்ணீர்த் தொட்டிதான். அதற்காகப் பிளாஸ்டிக் செடியைப் பாவம் என்று எழுத மாட்டேன். கோல்டு பிஷ் வளர்க்கிறவர் வேறென்ன செய்வார்? மெல்லிலைச் செடியாக நட்டால் ஒரு வாரத்தில் மேய்ந்துவிடும்.

கேள்வி: கட்டை போட்டதிலிருந்து தண்ணீர் பழுப்பாகிறது. மீனுக்கு ஆபத்தா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. கட்டையிலிருந்து இறங்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அது, டீயிலும் அதுதான். பிடிக்காவிட்டால் கட்டையை எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வையுங்கள். குறையும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் பொறுக்கிய சிப்பிகளைத் தொட்டியில் போடலாமா? (பள்ளி மாணவி, மதுரை)

பதில்: சிப்பி சுண்ணாம்பம்மா, மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடின நீராக்கும். கப்பி, மோலி தாங்கிக்கொள்ளும், நியான் தாங்காது. கல்லில் சந்தேகம் இருந்தால் இரண்டு சொட்டு வினிகர் விடு; நுரைத்தால் வெளியே வை. சிப்பியைக் கண்ணாடிக்கு வெளியே, மூடிமேல் அடுக்கினாலும் அழகுதான்.

கேள்வி: எதை வைத்தாலும் என் பிளவர்ஹார்ன் பிடுங்கி எறிகிறது. செடியா, பொம்மையா, எதுதான் நிற்கும்? (வாசகர், ஓசூர்)

பதில்: எதுவும் நிற்காது. மனிதர்கள் கலப்பினமாக உருவாக்கிய மீன் அது, எந்த ஆற்றையும் அதற்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வெறும் தொட்டியும் நல்ல பில்டரும் போதும். ஒரு பிங்பாங் பந்தை மிதக்க விடுங்கள். என் தம்பி வீட்டு மீன் ராத்திரி பதினொன்றுக்கு அதைக் கண்ணாடியில் முட்டி ஆளை எழுப்புகிறது.