அட்டையில் வெட்டிய துண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஎன்ஏவைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சனும் கிரிக்கும் என்று பள்ளியில் படித்தேன். இப்போது கேட்டால், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் படத்தைத் திருடிச் செய்த வேலை என்கிறார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். மங்கலாக ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். இதில் ஏணி எங்கே இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதில் ஏணி இல்லை. நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

முதலில், டிஎன்ஏ என்ற பொருள் கிடைத்தது 1869ல். டூபிங்கனில் ஃப்ரீட்ரிக் மீஷர், புண்ணுக்குக் கட்டிய துணிகளில் ஊறியிருந்த சீழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1953ல் பிடிபட்டது அதன் அமைப்பு.

நீங்கள் பார்த்த படம் 1952 மே மாதம், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்க்ளினிடம் ஆய்வு மாணவராக இருந்த ரேமண்ட் கோஸ்லிங் எடுத்தது. எக்ஸ் கதிர்கள் டிஎன்ஏ இழையில் பட்டுச் சிதறி விழுந்த தடம் அது. பெருக்கல் குறி வந்தாலே பொருள் சுருள் என்று அர்த்தம். புள்ளிகளின் இடைவெளியை அளந்தால், சுருளின் ஒரு சுற்றுக்கு 3.4 நானோமீட்டர், ஏணியின் படிக்குப் படி 0.34, ஆக சுற்றுக்குப் பத்துப் படி. ஆனால் அந்தப் படி எதனால் ஆனது என்று படம் சொல்லாது.

1953 ஜனவரியில் அதே கல்லூரியில் டிஎன்ஏவை ஆராய்ந்துகொண்டிருந்த மாரிஸ் வில்கின்ஸ் அதை வாட்சனுக்குக் காட்டினார், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல். திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். படம் வில்கின்ஸ் கைக்கு முறையாகத்தான் வந்திருந்தது. எனக்கு உறுத்துவது வேறு. ஃபிராங்க்ளினின் அளவுகள் அடங்கிய அறிக்கையும் கிரிக்கின் கைக்குப் போனது. ஃபிராங்க்ளினிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படியின் கதை வாட்சனும் கிரிக்கும் இருந்த கேம்பிரிட்ஜில் முடிந்தது. அடெனின், குவானின், தைமின், சைட்டோசின் என்ற நான்கு காரங்களில் இரண்டிரண்டு சேர்ந்தது ஒரு படி. வாட்சன் முதலில் அடெனினோடு அடெனின் என்று இனத்தோடு இனத்தைச் சேர்த்துப் பார்த்தார். அதே அறையில் இருந்த வேதியியலாளர் ஜெர்ரி டோனஹூ, பாடப்புத்தகங்களில் குவானினுக்கும் தைமினுக்கும் ஹைட்ரஜன் அணுவைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார். (இவர் பெயரை யாரும் சொல்வதேயில்லை!) பட்டறையிலிருந்து உலோகத் தகடுகள் வரத் தாமதமானதால் வாட்சன் அட்டையிலேயே வடிவங்களை வெட்டிக்கொண்டார். பிப்ரவரி 28 காலை, மேசைமேல் அவற்றை நகர்த்திக்கொண்டிருந்தபோது, அடெனின்–தைமின் ஜோடியும் குவானின்–சைட்டோசின் ஜோடியும் ஒரே அகலம், ஒரே வடிவம் என்று தெரிந்தது. பெரியதோடு (அடெனின், குவானின்) சிறியது (தைமின், சைட்டோசின்) சேர்வதால் சுருள் எங்கும் பருக்கவோ ஒடுங்கவோ வேண்டியதில்லை. அடெனின் எவ்வளவோ அவ்வளவு தைமின், குவானின் எவ்வளவோ அவ்வளவு சைட்டோசின் என்று உயிர்வேதியியலாளர் சார்காஃப் சில ஆண்டுகளுக்கு முன்பே அளந்து வைத்திருந்த கணக்குக்கும் அப்போதுதான் காரணம் கிடைத்தது.

அதிலும் ஒரு குறை இருந்தது. குவானின்–சைட்டோசினுக்கு வாட்சனும் கிரிக்கும் போட்டது, ஜோடியைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டே. மூன்றாவதைக் காட்டியவர்கள் 1956ல் அமெரிக்க வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும். அந்தப் பாலிங், 1953ல் டிஎன்ஏவுக்கு இரண்டு புரிக்குப் பதில் மூன்று புரி வைத்துத் தப்பான மாதிரி ஒன்றை வெளியிட்டவர்.