மனைவிக்கு வந்த கேள்வி

வணக்கம் ஐயா,

2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. வந்தது 293. பங்குச்சந்தையில் பணம் போட்ட என் நண்பர்கள் நொந்துபோனார்கள். சில ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு நாடே இப்படி நினைக்கிறது என்பதை எப்படி நம்புவது? போன மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் சர்வே எடுக்க வந்தார். என் மனைவியிடம் சாதி பற்றி ஏதோ கேட்டார். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். "எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை" என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

மு., கோவை

அன்புள்ள மு.,

எக்ஸிட் போலை நம்பி ஜூன் 3 அன்று வாங்கி மறுநாள் அழுத உங்கள் நண்பர்கள் மேல் எனக்குப் பெரிய இரக்கம் இல்லை. வாக்கு சதவீதத்தைத் தொகுதிக் கணக்காக மாற்றும்போது நம் ஊரில் எப்போதும் சறுக்கும். ஆள் எண்ணிக்கை பற்றிய சந்தேகமோ அரதப் பழசு. 1936-இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை, அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட் தோற்பார் என்றார்கள். அவர் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் முகவரிகளாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மிகக் குறைவான ஆட்களிடம் கேட்ட ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர், ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். சரி, அது போகட்டும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். யோசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பதிலை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்?

கல்லூரி விடுமுறையில் ஒரு சோப்பு நிறுவனத்துக்காக நான் வீடு வீடாகப் போனேன். எந்த சோப்பு நல்ல பெயர் எடுத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். என் தோளில் தொங்கிய பையிலேயே அந்த நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் வேறு பெயர் சொல்வார்கள்? அதுகூடப் பரவாயில்லை. குளிப்பவள் மருமகள், பதில் சொல்பவர் மாமனார்! நானும் எழுதிக்கொண்டு போனேன், கூலி ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்றுதானே.

அதனால்தான் 2011-12-இல் நாடு முழுக்க சுமார் 42,000 குடும்பங்களிடம் எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு எனக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்று சொன்னவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு தலித் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால் பரவாயில்லையா என்று அடுத்து கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய 27 சதவீதக் குடும்பங்கள் மாட்டின. நீங்கள் சொன்ன "அதெல்லாம் பார்ப்பதில்லை" முதல் கேள்விக்கான பதில், மு. இரண்டாவது கேள்வி வருவதற்குள் அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பிவிட்டீர்கள். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீராவது கொடுத்தீர்களா?

நீங்கள் நல்லவர்தான். இல்லையென்றால் இதை எனக்கு எழுதியே இருக்கமாட்டீர்கள். ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்களே, அது உங்களைப் போன்ற நல்லவர்களையும் மனதில் வைத்துத்தான்.

அடுத்த முறை யாராவது சர்வே எடுக்க வந்தால் நீங்கள் கடைக்குக் கிளம்பிவிடுங்கள். அப்புறம், இதைப் படித்துவிட்டு "நீ என்ன சொல்ல இருந்தாய்?" என்று மனைவியிடம் போய் நிற்க வேண்டாம். உங்களிடம் வேறு பதில்தான் சொல்வார்.